ராடுக்குப் பதில் ஆயில்

பழைய கார் பார்க்கும் பட்டறையில் போய், கிளட்சுக்கு எதற்கு ஹைட்ராலிக் என்று கேட்டுப் பாருங்கள். "மிதிக்க லேசா இருக்கும் சார்" என்பார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கை அமுக்க எவ்வளவு வேலை தேவையோ, அவ்வளவையும் கால்தான் செய்தாக வேண்டும். இடையில் இரும்பு ராடு இருந்தாலும் ஆயில் இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. பலத்தைக் கூட்டினால் நகரும் தூரம் குறையும். நெம்புகோலுக்கு உள்ள அதே விதிதான் சிலிண்டருக்கும். தேய்ந்து துருவேறிய மூட்டுகளில் வீணாகும் உராய்வு கொஞ்சம் மிச்சப்படும், அவ்வளவே. கிளட்சை உண்மையில் லேசாக்கியது பிற்பாடு வந்த டயாஃப்ரம் ஸ்பிரிங்.

ஆயில் வந்ததற்குக் காரணம், இன்ஜின் ஆட ஆரம்பித்ததுதான். அந்தக் கதைக்கு வருவேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஹைட்ராலிக் கிளட்சில் இருக்கும் உறுப்புகளில் ஏறக்குறைய எதுவுமே கிளட்சுக்கென்று யோசித்துச் செய்யப்பட்டதல்ல. அதன் சீல் ஒரு பூட்டுக்காரரின் பட்டறையில் பிறந்தது. அதன் சிலிண்டர் பிரேக்குக்காகப் பிறந்தது. எல்லாமே இரவல் என்பதால் அதன் வியாதிகளும் இரவல். எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது, அங்கே அதற்கு என்ன வேலை இருந்தது என்று தெரிந்தால், கியர் விழாத வண்டியின் முன் உட்கார்ந்து திகைப்பது பாதியாகக் குறையும்.

ஆயில் வருவதற்கு முன்பும் கிளட்ச் இருந்தது. ஆரம்பகாலக் கார்களில் பலவற்றில் அது தோல் போர்த்திய ஒரு கூம்பு. ஃபிளைவீலின் குழிவுக்குள் போய் இறுக்கிப் பிடிக்கும். தோல் வழுக்கினால் முல்தானி மண் போன்ற களிமண் பொடியைத் தூவுவார்கள். காய்ந்து போய் வெடுக்கென்று பிடித்தால் ஆமணக்கெண்ணெய் தடவுவார்கள். வண்டி வைத்திருப்பவர் வீட்டு வைத்தியமும் தெரிந்திருக்க வேண்டிய காலம். பிறகு ஒற்றைத் தட்டுக் கிளட்ச் வந்து, ஒருபுறம் ஃபிளைவீல், மறுபுறம் பிரஷர் பிளேட், நடுவில் உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டு என்று அமைப்பு நிலைத்தது. பெடலில் இருந்து, கிளட்சை விடுவிக்கும் ஃபோர்க் வரை எல்லாம் ராடுகளும் லீவர்களும்தான். யாருக்கும் குறை இல்லை.

இப்போது பூட்டுக்காரரிடம் போவோம். லண்டனில் ஜோசப் பிரமா என்று ஒருவர். தண்ணீர் ஊற்றி விடும் கழிப்பறைத் தொட்டியைச் செம்மைப்படுத்தி 1778ல் காப்புரிமை வாங்கியவர்; பிறகு பூட்டுத் தொழிலில் பெயர் எடுத்தார். தன் பூட்டைக் கள்ளச்சாவியால் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடை ஜன்னலில் எழுதிவைத்தார். 1851 வரை யாரும் அந்தப் பரிசை வாங்கவில்லை. அதே பிரமா 1795ல் ஹைட்ராலிக் பிரஸுக்குக் காப்புரிமை பெற்றார். அடைத்துவைத்த நீரின் ஒரு மூலையில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் போகும் என்று பிளேஸ் பாஸ்கல் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டு சொல்லிவிட்டார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663ல், அந்த நூல் அச்சானது. கொள்கை கையில் இருந்தும் பிரஸ் வராமல் போனதற்குக் காரணம் ஒரே ஒரு இடைஞ்சல். சின்ன பிஸ்டனால் பெரிய பிஸ்டனைத் தூக்கலாம் என்பது சரி, ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஒழுகாமல் இருக்கச் சுற்றி இறுக்கிக் கட்டினால் பிஸ்டன் நகரவே மறுத்தது.

அதைத் தீர்த்தது ஒரு தோல் கிண்ணம். கிண்ணத்தின் வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்கும். தண்ணீர் தள்ளும்போது கிண்ணத்தின் உதடு விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இறுகும். அழுத்தம் போனதும் உதடு தளர்ந்து, பிஸ்டன் தாராளமாகத் திரும்பிவிடும். பிரமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மோட்ஸ்லேயின் யோசனை அது என்றுதான் சொல்கிறார்கள். வாரம் 30 ஷில்லிங் கூலியைக் கூட்டிக் கேட்டு, கிடைக்காமல் 1797ல் வெளியேறித் தனிப்பட்டறை போட்ட மோட்ஸ்லேதான் பின்னாளில் இங்கிலாந்தின் திருகு கடைசல் இயந்திரத் தொழிலுக்கே தலைமகன் ஆனார். கூட்டிக் கொடுத்திருக்கலாம்.

இன்று பெடலோடு இணைந்த கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் எதைப் பிரித்தாலும் உள்ளே இருப்பது அந்தக் கிண்ணம்தான். தோலுக்குப் பதில் ரப்பர். பட்டறையில் அதற்குப் பெயர் வாஷர். "வாஷர் கிட் மாத்திட்டேன் அண்ணே" என்று சொல்வது இதைத்தான். அழுத்தம் வந்தால்தான் உதடு விரியும் என்பதை நினைவில் வைத்திருந்தால் ஒரு மர்மம் விடுபடும். பெடலை வேகமாக மிதித்தால் கியர் விழுகிறது. மெல்ல மிதித்தால் விழ மாட்டேன் என்கிறது. சிக்னலில் மிதித்தபடி நின்றால், கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக முன்னே நகரப் பார்க்கிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, மாஸ்டருக்கு மேலே உள்ள டப்பாவில் ஆயில் மட்டம் குறையவும் இல்லை. உதடு தேய்ந்த கிண்ணத்தின் வேலை இது. வேகமாக மிதிக்கையில் அழுத்தம் சட்டென்று ஏறி உதட்டைச் சுவரோடு ஒட்டிவிடுகிறது. மெல்ல மிதிக்கையில் ஆயில் உதட்டைத் தாண்டி, வந்த வழியே டப்பாவுக்குத் திரும்பிவிடுகிறது.

காருக்கு ஹைட்ராலிக் வந்தது பிரேக் வழியாக. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர், விமானம் செய்யும் லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர், 1919ல் விமானத் தொழிலை விட்டுவிட்டு டெட்ராய்ட்டில் ஹைட்ராலிக் பிரேக் கம்பெனி தொடங்கினார். பிரேக்குக்கு ஆயில் ஏன் தேவைப்பட்டது என்பது புரிந்துகொள்ளச் சுலபமானது. நாலு சக்கரத்துக்கும் ராடு போட்டு இழுத்தால் நாலும் சமமாக இழுபடாது. ஒரு பக்கம் முன்னால் பிடித்து வண்டி அந்தப் பக்கமே திரும்பும். போதாக்குறைக்கு முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், மேலும் கீழும் குதிக்கவும் வேண்டும். பாஸ்கலின் விதிப்படி திரவத்துக்கு நாலு சக்கரமும் ஒன்றுதான். 1921ல் வந்த டூசன்பெர்க் மாடல் ஏ காரில் நாலு சக்கர ஹைட்ராலிக் பிரேக் இருந்தது. விலை அதிகமான வண்டி. 1924ல் வால்டர் கிரைஸ்லர் தன் பெயரில் வெளியிட்ட முதல் காரில் அதைப் போட்டபோதுதான் நடுத்தர விலைக்கு இறங்கியது. ஒழுகிக்கொண்டிருந்த தோல் சீல்களை ரப்பர் கிண்ணங்களாக மாற்றியவர்கள் கிரைஸ்லரின் இன்ஜினியர்கள்.

அந்த ரப்பர்தான் அடுத்த நூறு வருடத்துக்கான வினையை விதைத்தது. இயற்கை ரப்பரில் பெட்ரோலியத்தில் இருந்து எடுத்த எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். இன்ஜின் ஆயிலை ஊற்ற முடியாது. அதனால் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தை ஊற்றினார்கள். (கூம்புக் கிளட்சில் தடவிய அதே ஆமணக்கெண்ணெய், வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது.) பின்னர் கிளைக்கால் வகைத் திரவங்கள் வந்தன. அவை ரப்பரை ஒன்றும் செய்வதில்லை, சூட்டையும் தாங்கும். ஆனால் காற்றில் இருக்கும் ஈரத்தை விடாமல் உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்க வைத்து, ஊசிமுனைப் பள்ளங்களைத் தோண்டும். அந்தப் பள்ளத்தின் மேல் ஓடும் புதுக் கிண்ணம் சில மாதத்தில் உதடு கிழிந்து பழசாகிவிடும். கடற்கரை ஊர்களில் ஓடாமல் நிறுத்திவைத்த கார்களில், கிட் மாற்றி ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது என்றால் கிட் மட்டமான சரக்கு என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன், சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. விரல் நகம் தடுக்கும் பள்ளம் இருந்தால் எந்தக் கிட்டும் நிற்காது. உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட வேண்டும், இல்லை சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

இதே காரணத்தால்தான் கிட்டைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக்கூடாது. இரும்பைக் கழுவலாம், ரப்பர் படும் இடத்தைப் பிரேக் ஆயிலிலேயே கழுவி, பிரேக் ஆயிலிலேயே நனைத்துக் கோக்க வேண்டும்.

பிரேக்கிடம் இருந்து கிளட்சுக்கு வந்த இன்னொரு சொத்து, மாஸ்டர் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒரு பொடித் துளை. ஊசி நுழையும் அளவுதான் இருக்கும். பெடலில் கால் இல்லாதபோது கிண்ணத்தின் உதடு இந்தத் துளைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும். டப்பாவில் உள்ள ஆயிலுக்கும் லைனில் உள்ள ஆயிலுக்கும் வழி திறந்திருக்கும். சூட்டில் ஆயில் விரிந்தால் மேலே போகும், குறைந்தால் கீழே இறங்கும். மிதித்ததும் உதடு துளையைத் தாண்டிவிடும், வழி மூடும், அழுத்தம் ஏறும். இதற்குத்தான் பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே புஷ் ராடில் கொஞ்சம் விளையாட்டு விடச் சொன்னார்கள். அந்தக் கால லாக்ஹீட் சிலிண்டர்களுக்கு 1/32 அங்குலம் என்று பிரிட்டிஷ் கையேடுகள் சொல்லும். மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றுக்கும் குறைவு.

பெடல் ஆட்டமாக இருக்கிறது என்று யாராவது அந்த விளையாட்டை இறுக்கி எடுத்துவிட்டால் என்ன ஆகும்? உதடு துளையை மூடியபடியே நின்றுவிடும். காலையில் வண்டி நன்றாக ஓடும். இன்ஜின் சூடு ஏற ஏற, லைனில் அடைபட்ட ஆயில் விரிந்து, போக்கிடம் இல்லாமல், மறுமுனையில் ஃபோர்க்கை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதிபட்ட நிலைக்கு வரும். மேட்டில் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. பிளேட் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்குவார்கள். பிளேட்டில் ஒரு குறையும் இருக்காது. சூட்டில் மட்டும் வழுக்கி, ஆறினால் சரியாகிவிடும் கிளட்சைப் பார்த்தால் முதலில் ஸ்லேவில் ஏர் எடுக்கும் நிப்பிளைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம். ஆயில் பீய்ச்சி அடித்துப் பிடிமானம் திரும்பினால், குற்றவாளி மேலே, மாஸ்டரில் இருக்கிறார்.

இவ்வளவும் பிரேக்குக்காக 1920களிலேயே தயாராகிவிட்டன. அப்புறமும் கிளட்ச் கால் நூற்றாண்டு காத்திருந்தது. பிரேக்குக்கு நாலு சக்கரம், கிளட்சுக்கு ஒரே இடம். சமப்படுத்த ஒன்றும் இல்லாத இடத்தில் காசு செலவழித்துச் சிலிண்டர் போட எந்தக் கம்பெனிக்கும் மனம் வரவில்லை.

மனம் மாறியது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் வந்த பிறகு. அதற்கு முன் இன்ஜினைச் சட்டத்தோடு நேரடியாக போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். நாலு சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு முழுக்க உட்கார்ந்திருப்பவரின் பற்களுக்கு வந்து சேரும். 1931ல் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் இன்ஜினை ரப்பர் மேல் மிதக்கவிட்டது. 'மிதக்கும் சக்தி' என்று விளம்பரம் செய்தது. சித்ரோயன் அந்த உரிமையை வாங்கிப் பிரான்சில் தன் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு அன்னத்தையே வரைந்துகொண்டது. வண்டிகள் சொகுசாயின. ஆனால் கிளட்ச் ஃபோர்க் இன்ஜினோடு ஒட்டிய பெல் ஹவுசிங்கில் இருக்கிறது. பெடலோ வண்டியின் உடம்பில் இருக்கிறது. கரையில் நிற்பவர் கம்பை நீட்டி, ஆடும் ஓடத்தில் இருப்பவரின் கையைப் பிடித்த கதைதான். கிளட்ச் விடும்போது இன்ஜின் ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் ராடு இழுபட்டுக் கிளட்சைத் திரும்பவும் அமுக்கும். அமுங்கினால் இன்ஜின் நிமிரும். நிமிர்ந்தால் மறுபடி பிடிக்கும். முதல் கியரில் வண்டி உதறி உதறிக் கிளம்புவது இப்படித்தான். ராடுக்கு நடுவே வளைந்து கொடுக்கும் ஒரு ரப்பர் ஓஸைப் போட்டு உள்ளே ஆயிலை நிரப்பினால், இன்ஜின் எந்தப் பக்கம் ஆடினாலும் பெடலுக்குக் கவலை இல்லை.

வேறு இரண்டு காரணங்களும் அதே சமயத்தில் கூடின. பெடல்கள் தரையில் இருந்து முளைப்பதை விட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் இருந்து தொங்க ஆரம்பித்தன. இங்கிலாந்தில் 1950ல் வந்த ஃபோர்டு கான்சல் தொங்கும் பெடலோடும் ஹைட்ராலிக் கிளட்சோடும் வந்தது. தொங்கும் பெடலில் இருந்து கீழே கியர்பாக்ஸுக்கு ராடு கொண்டுபோவது சுற்றுவழி. பைப் எங்கே வேண்டுமானாலும் வளையும். மற்றொன்று, போருக்குப் பிறகு ஏற்றுமதி செய்தால்தான் இரும்பு ஒதுக்கீடு என்று பிரிட்டிஷ் அரசு கார் கம்பெனிகளை நெருக்கிய காலம் அது. ஒரே காரை வலப்பக்க ஸ்டியரிங்கிலும் இடப்பக்க ஸ்டியரிங்கிலும் செய்ய வேண்டியிருந்தது. ராடு என்றால் இரண்டுக்கும் தனித்தனி லீவர், குறுக்குத் தண்டு. ஆயில் என்றால் பைப்பின் நீளம் மட்டும் மாறும்.

கேபிள் போட்டிருக்கலாமே என்று தோன்றும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் அப்படித்தான். நம் ஊர் மாருதி 800ம் கேபிளில்தான் ஓடியது. கேபிள் மலிவு. இங்கிலாந்து ஆயில் பக்கம் சாய்ந்ததற்கு அந்த ஊர்த் தொழில் அமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வார்விக்ஷயரின் லெமிங்டன் ஸ்பாவில் ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி, லாக்ஹீட் பிரேக்கையும் போர்க் அண்டு பெக் கிளட்சையும் உரிமம் வாங்கி ஒரே கூரையின் கீழ் செய்துகொண்டிருந்தது. பிரேக் சிலிண்டர் செய்பவரும் கிளட்ச் செய்பவரும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டால், இந்தக் கல்யாணம் நடக்காமல் எப்படிப் போகும்?

அந்தக் கல்யாணத்தின் சாட்சி, 1953ல் கவென்ட்ரியில் பிறந்த டிரையம்ஃப் டிஆர்2, 1955ல் வந்த எம்ஜிஏ, 1958ல் வந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் ஆகிய கார்களில் இருக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர். ஒரே வார்ப்பில் இரண்டு துளை. ஒன்று பிரேக்குக்கு, ஒன்று கிளட்சுக்கு. மேலே ஒரே டப்பா. சிக்கனமான வேலைப்பாடு. ஆனால் கிளட்ச் ஸ்லேவ் ஒழுகினால் பிரேக்கின் ஆயிலும் சேர்ந்து குறையும் என்பதை மறக்கக்கூடாது. அந்த வண்டிகளில் பிரேக்குக்கு இரண்டாவது சர்க்யூட் எதுவும் கிடையாது.

இந்த இரட்டைச் சிலிண்டரில் இன்னொரு கண்ணி உண்டு. டிரம் பிரேக்குக்கு லைனில் எப்போதும் லேசான அழுத்தம் நிற்க வேண்டும் என்பதற்காகப் பிரேக் துளையின் கடைசியில் ஒரு சின்ன வால்வு வைத்திருப்பார்கள். கிளட்ச் துளையில் அது இருக்காது, இருக்கவும் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால், பிரித்துப் பூட்டுபவர் கிட்டில் வந்த வால்வை இரண்டு பக்கமும் போட்டுவிடுவார். அதன் பிறகு ஸ்லேவ் முழுசாகத் திரும்பாது. ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். எம்ஜி கார்களில் அந்தப் பேரிங் உருளைகள் இல்லாத கிராஃபைட் வளையம். உரசல் நின்றால்தான் பிழைக்கும்.

நம் ஊர்க் கதைக்கும் இதில் இடம் இருக்கிறது. 1959ல் டிரையம்ஃப் ஹெரால்டு வந்தது. அதையே சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று செய்தது. அதன் கிளட்ச் ஹைட்ராலிக். லாக்ஹீடின் போட்டியாளரான கெர்லிங் வகை. மறு ஆண்டே, 1962ல், டிவிஎஸ் குழுமமும் கெர்லிங்கும் சேர்ந்து சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கின. கார் ஒரு பக்கம், பிரேக் சாமான் ஒரு பக்கம் என்று சென்னை அந்தத் தொழிலைப் பழகிக்கொண்டது அப்போதுதான். ஹெரால்டில் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸின் மேல்பக்கம் ஒளிந்திருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துத் தேடிப் பயனில்லை. உள்ளே இருந்து கியர்பாக்ஸ் மூடியைக் கழற்றித்தான் போக வேண்டும். எவ்வளவோ யோசித்துச் செய்த கார். பானெட் மொத்தமும் முன்னால் கவிழும், உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். ஸ்லேவுக்கு மட்டும் ஏனோ அந்தக் கருணை காட்டவில்லை.

கியர் விழவில்லை என்று வண்டி வந்தால், நல்ல மெக்கானிக் எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு ஆளைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவின் புஷ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். எம்ஜிபி போன்ற கார்களில் அரை அங்குலத்தை ஒட்டி நகர வேண்டும். இந்த ஒரு அளவு வழக்கை இரண்டாகப் பிரித்துவிடும். நகர்வு குறைவு என்றால் வியாதி ஆயில் பக்கம். நகர்வு சரியாக இருந்தும் கியர் கரகரக்கிறது என்றால், பெல் ஹவுசிங்குக்கு உள்ளே பார்க்க வேண்டும்: துருவில் ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்ட பிளேட், கிராங்க் முனையில் சிக்கிக்கொண்ட ஸ்பிகாட் புஷ், அல்லது ஃபோர்க்கைத் தண்டோடு பிணைக்கும் பின். டிஆர்4, டிஆர்6 கார்களில் அந்தக் கூம்புப் பின் முறிவது பெயர்போன வியாதி. ஆயில் பக்கம் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் அது தீராது.

நகர்வு குறைவாக இருந்தால் எல்லோரும் உடனே ஏர் என்பார்கள். நான் முதலில் பெடலைப் பார்க்கச் சொல்வேன். பெடலையும் மாஸ்டரின் புஷ் ராடையும் இணைக்கும் கிளெவிஸ் பின் ஐம்பது வருடமாகத் தேய்ந்திருக்கும். பெடலில் உள்ள ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். அங்கே இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் மாஸ்டரின் ஓட்டத்தில் இரண்டு மில்லிமீட்டர் அப்படியே காணாமல் போகிறது. மாஸ்டரின் மொத்த ஓட்டமே ஒரு அங்குலம் போலத்தான். ஓட்டையை வெல்ட் அடைத்துத் துளைத்து, புதுப் பின் போட ஆகும் செலவு ஒரு நல்ல மதியச் சாப்பாட்டுக்குள் அடங்கிவிடும். அடுத்தது ஓஸ். பழைய ரப்பர் ஓஸ் மிதிக்கும்போது உப்பும். கையால் பிடித்திருந்தாலே தெரியும். ஸ்லேவுக்குப் போக வேண்டிய ஆயில் ஓஸை உப்பவைப்பதில் செலவாகிவிடும். சில ஓஸ் வெளியே புதுசு போல இருந்து உள்ளே பிரிந்து தொங்கும். அப்போது ஆயில் போகும், திரும்பி வராது. மிதித்தால் விடுபடுகிறது, விட்டால் பிடிக்க நேரமாகிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஏர். ஏர் இருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும். இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தால் கியர் விழும். ஸ்லேவைப் பூட்டும்போது நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா, பைப் கீழ்பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு துளையும் ஒரே அளவு என்பதால் மாற்றிப் பூட்டவும் முடியும். பூட்டினால் ஏர் மேலேயே தங்கி, நாள் முழுக்க மிதித்தாலும் வராது. கிளட்ச் லைன் பிரேக் லைன் மாதிரி அல்ல. குட்டையானது, ஒவ்வொரு மிதிக்கும் நகரும் ஆயில் கொஞ்சம். மேடு பள்ளமாகப் போகும் பைப்பில் குமிழ் ஒரு மிதிக்குக் கீழே வந்து, அடுத்த கணம் மேலே ஏறிவிடும். மிதித்துச் சலிப்பதைவிட ஆயில் கேனில் ஒரு டியூபைச் செருகி, ஸ்லேவின் நிப்பிள் வழியாக ஆயிலைக் கீழே இருந்து மேலே தள்ளுவது எளிது. குமிழ் எப்படியும் மேலேதான் போகப் பார்க்கிறது. அதன் போக்கிலேயே விட்டுவிடலாம். டப்பா நிறைந்து வழியாமல் ஒருவர் மேலே நிற்க வேண்டும். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும்.

கிளட்சுக்கென்றே ஹைட்ராலிக் தந்த ஒரு தனி நன்மை உண்டு. அதைப் பேசுபவர் குறைவு. பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட் ஃபிளைவீலை நெருங்கும். ரிலீஸ் பேரிங் பின்னால் தள்ளப்படும். ஸ்லேவின் பிஸ்டன் சிலிண்டருக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். அதிகப்படி ஆயில் அந்தப் பொடித் துளை வழியாக டப்பாவுக்கு ஏறிவிடும். ராடு போட்ட வண்டியில் சில ஆயிரம் மைலுக்கு ஒரு முறை நட்டைத் திருகிச் சரிசெய்ய வேண்டியது, இதில் தானாக நடக்கிறது.

இந்த நன்மைதான் புது பிளேட் போட்ட கையோடு ஸ்லேவ் ஒழுகுவதற்கும் காரணம். வருடக்கணக்காகப் பிஸ்டன் சிலிண்டரின் ஆழத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. வாய்ப்பக்கச் சுவரில் அதன் கிண்ணம் படவே இல்லை. அங்கே தூசியும் துருவும் படிந்திருக்கும். புது பிளேட் வந்ததும் பிஸ்டன் வெளியே வந்து, அந்தச் சொரசொரப்பான இடத்தில் ஓட ஆரம்பிக்கிறது. வாரம் இரண்டு போகும் முன் ரப்பர் கிழிகிறது. "பிளேட் மாத்தினதுல இருந்துதான் சார் ஒழுகுது" என்ற புகாரில் நியாயம் இருக்கிறது. கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ஸ்லேவையும் பிரித்துப் பார்த்துவிடுவது, ஹெரால்டு மாதிரி வண்டியில் இரண்டாவது தடவை உள்ளே நுழையும் தொல்லையைத் தவிர்க்கும்.

ராடிலேயே பிறந்து ராடிலேயே முடிந்த ஒரு பெரிய காரும் உண்டு. மோரிஸ் மைனர் 1948ல் வந்தது. 1971ல் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி நிற்கும் வரை கிளட்சுக்கு ராடுதான். இத்தனைக்கும் அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், 1959ல் வந்த தன் மினிக்கு ஹைட்ராலிக் கிளட்ச் போட்டார். இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடும் காரில் ராடு நிற்காது. இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடும் மைனர்களுக்கு ராடு போதுமானதாகத்தான் இருக்கிறது. வேறு இன்ஜினோ ஐந்து கியர் பெட்டியோ பொருத்துபவர்களுக்கு மட்டும் ராடைக் கொண்டுபோக வழி இருப்பதில்லை. அவர்கள் ஹைட்ராலிக்குக்கு மாறுகிறார்கள். மைனரில் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு வருகிறது, பிரேக் மாஸ்டர் ஓட்டுநரின் காலடியில் சட்டத்துக்குள் அடைந்து கிடக்கிறது. இன்னொரு மாஸ்டருக்கு இடம் தேடுவதே பாதி வேலை.

மீதிப் பாதி, அளவு பொருத்துவது. கையில் கிடைத்த மாஸ்டரையும் ஸ்லேவையும் ஜோடி சேர்த்தால் சரிவராது. மாஸ்டரின் விட்டம் முக்கால் அங்குலம், ஸ்லேவ் ஒரு அங்குலம் என்றால் பரப்பில் 1.78 மடங்கு வித்தியாசம். மாஸ்டர் ஒரு அங்குலம் ஓடினால் ஸ்லேவ் 0.56 அங்குலம்தான் ஓடும். ஸ்லேவைப் பெரிதாக்கினால் பெடல் லேசாகும், ஆனால் கிளட்ச் முழுசாக விடுபடாது. மாஸ்டரைப் பெரிதாக்கினால் விடுபடும், கால் வலிக்கும். ஓட்டம் அதிகமாகிவிட்டாலும் ஆபத்து உண்டு: டயாஃப்ரம் ஸ்பிரிங் வைத்த கவரில் அதன் விரல்களை அளவுக்கு மேல் அமுக்கினால் பிளேட்டில் போய் முட்டும், ஸ்பிரிங்கும் கெடும். ராடில் அந்தப் பயம் குறைவு. லீவரின் நீளமே எல்லை கட்டிவிடும். அதனால் மாற்றிப் பொருத்தும்போது பெடலுக்குக் கீழே ஒரு போல்ட்டை நிறுத்தி, கியர் சத்தமில்லாமல் விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே பெடல் அதில் முட்டி நிற்கும்படி லாக் நட் போட்டு இறுக்கிவிட வேண்டும்.